நெற்றிச் சுருக்கமும் ஒரு நஞ்சின் வரலாறும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் கடைசிப் பகுதியையாவது படித்துவிடுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில் போன வாரம் 'போடாக்ஸ்' ஊசி பற்றிப் பெரிய விவாதம் ஓடியது. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஒரு மாணவி, அழகு நிலையத்தில் மணப்பெண் அலங்காரத்தோடு சேர்த்துப் பெண்ணின் அம்மாவுக்கு நெற்றிச் சுருக்கம் போக ஊசியும் போடுவதாகச் சொல்கிறார்கள், போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். ஒருவர் "அது பாம்பு விஷம்" என்றார். இன்னொருவர் "இந்த வயசுல இது தேவையா?" என்று கேலி செய்தார். மூன்றாமவர் "காசு இருக்கிறவங்க போட்டுக்கட்டும், உங்களுக்கு என்ன?" என்றார். கேட்டவர் அதன் பிறகு ஒன்றும் பேசவில்லை. கடைசியில் "சார், நீங்க சொல்லுங்க" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்கள். வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதான் வரும். ஆனால் இந்த விஷயத்தில் வரலாறு தெரிந்தால் பதிலில் பாதி தெரிந்துவிடும்.

முதலில் ஒன்று. அது பாம்பு விஷம் இல்லை. கெட்டுப்போன இறைச்சியில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சு. 'போட்டுலினம்' என்ற பெயரே 'போட்டுலஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இறைச்சியையும் ரத்தத்தையும் குடலுக்குள் அடைத்துச் செய்யும் சாசேஜுக்கு அந்த மொழியில் அதுதான் பெயர்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் தென்மேற்கில் இருந்த வூர்ட்டெம்பர்க் நாட்டில் இந்த சாசேஜைச் சாப்பிட்டவர்கள் அடிக்கடி ஒரே மாதிரி செத்துப்போனார்கள். கண் இமை தொங்கும். பார்வை இரட்டையாகும். விழுங்க முடியாது, வாய் வறண்டுவிடும். கை கால் சோர்ந்து, கடைசியில் மூச்சுவிடும் தசையும் நின்றுவிடும். இவ்வளவும் நடக்கும்போது அறிவு மட்டும் தெளிவாக இருக்கும். நெப்போலியன் காலத்துப் போர்களால் வறுமை. மக்கள் கிடைத்த இறைச்சியைக் கிடைத்தபடி பதப்படுத்தி வைத்தார்கள்.

இதை முறையாக ஆராய்ந்தவர் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர். அவர் அந்த நாட்டில் பெயர் பெற்ற கவிஞரும்கூட. 1820ல் 76 நோயாளிகளைப் பற்றியும், 1822ல் 155 நோயாளிகளைப் பற்றியும் எழுதினார். விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தானும் சில துளி நாக்கில் வைத்துப் பார்த்தார். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் செய்தியைத்தான் இந்த நஞ்சு தடுக்கிறது என்று ஊகித்தார். அதோடு நிற்கவில்லை. நரம்பு அளவுக்கு மீறித் துடித்து, உடம்பு தானாக ஆடும் நோய்களுக்கு இதையே மிகச் சிறிய அளவில் மருந்தாகக் கொடுக்கலாமே என்றும் எழுதிவைத்தார். அந்த யோசனை நிறைவேற நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

நஞ்சை உண்டாக்குவது எது என்பது 1895 டிசம்பரில்தான் தெரிந்தது. பெல்ஜியத்தில் எல்லெசெல் என்ற சின்ன ஊர். ஒரு முதியவரின் இறுதிச் சடங்குக்கு வாசிக்க பேண்டு வாத்தியக் குழு வந்திருந்தது. வாசித்து முடித்தவர்களுக்குச் சாப்பாட்டில் உப்பு நீரில் ஊறவைத்த பன்றித் தொடை இறைச்சி பரிமாறினார்கள். வாத்தியக்காரர்கள் வரிசையாகப் படுக்கையில் விழுந்தார்கள். மூன்று பேர் இறந்தே போனார்கள். கென்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கம் அந்த இறைச்சியிலிருந்தும் இறந்தவரின் உடலிலிருந்தும் ஒரே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, 1897ல் வெளியிட்டார். இவர் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக்கிடம் பயின்றவர்.

இந்தப் பாக்டீரியாவுக்குக் காற்று ஆகாது. ஈரமும் காற்றில்லாத இடமும் வேண்டும். புளிப்பும் மிகுந்த உப்பும் பிடிக்காது. நம் வீட்டு உப்புக்கண்டத்தை உப்புப் போட்டு வெயிலில் காயவைப்பதும், ஊறுகாயில் புளிப்பும் உப்பும் தூக்கலாக இருப்பதும் வெறும் ருசிக்காக மட்டும் இல்லை. உப்பிப்போன டின் உணவைத் தூக்கி எறியச் சொல்வதும் இந்த நஞ்சுக்குப் பயந்துதான்.

இங்கே பாட்டி ஆகிவிட்ட என் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பது நம் பக்கத்து வழக்கம். அதில் தேன் மட்டும் வேண்டாம். தேனில் இந்தப் பாக்டீரியாவின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிற்றில் அவை ஒன்றும் செய்வதில்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கலாம். 1976ல் அமெரிக்காவில் கண்டறிந்த உண்மை இது. ஒரு வயது முடியும்வரை தேன் தொட்டு வைக்காதீர்கள். மாமியாரோ சம்பந்தியோ கோபித்துக்கொண்டால் சார் சொன்னார் என்று என் பெயரைச் சொல்லுங்கள்.

கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரின்போது இதை ஆயுதமாக்க முடியுமா என்று அமெரிக்க ராணுவத்தின் டெட்ரிக் முகாம் ஆராய்ச்சிக்கூடத்தில் பார்த்தார்கள். 1946ல் அங்கே இந்த நஞ்சைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். அந்த வேலையில் இருந்த எட்வர்ட் ஷான்ட்ஸ் என்ற விஞ்ஞானி, பிற்காலத்தில் கேட்ட ஆராய்ச்சியாளர்களுக்கு இதைத் தயாரித்துக் கொடுத்து வந்தார்.

அப்படிக் கேட்டவர்களில் ஒருவர் சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். அவருடைய கவலை மாறுகண். நம் ஊரில் மாறுகண் உள்ள பிள்ளையை "ஒன்றரைக் கண்" என்று கூப்பிடுவதை வகுப்பில் எத்தனை முறை அதட்டியிருப்பேன். பெண் பார்க்க வந்து அதற்காகவே திரும்பிப் போனவர்களும் உண்டு. விழியை ஒரு பக்கம் அதிகமாக இழுக்கும் தசையை அறுத்துச் சரிசெய்வதே அப்போதைய வழி. கத்தி வைக்காமல் அந்தத் தசையைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்க வைக்க முடியுமா என்று தேடினார் ஸ்காட். குரங்குகளிடம் சோதித்து 1973ல் எழுதினார். மனிதர்களுக்குச் செய்ததை 1980ல் வெளியிட்டார். அடுத்து, கண் இமை தானாக இறுகி மூடிக்கொண்டு திறக்கவே முடியாமல் தவிப்பவர்களுக்கும் பயன்பட்டது. அவர்களுக்குக் கண் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இமை திறக்காததால் பார்வையற்றவர் போல வாழ்ந்தார்கள். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்த இரண்டு நோய்களுக்கும் மருந்தாக அனுமதித்தது. பிறகு அல்லர்கன் என்ற நிறுவனம் அதை வாங்கி, 'போடாக்ஸ்' என்று பெயர் வைத்தது.

ஆக, இந்த மருந்து அழகு நிலையத்தில் பிறந்தது அல்ல. கண் ஆஸ்பத்திரியில் பிறந்தது.

சுருக்கத்துக்கு வந்த கதை தற்செயல். கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கரூத்தர்ஸ் என்ற கண் மருத்துவர், அவர் கணவர் அலஸ்டர் கரூத்தர்ஸ் தோல் மருத்துவர். 1987ல் இமைத் துடிப்புக்கு ஊசி போட வந்த ஒரு பெண், புருவ நடுவிலும் போடச் சொன்னார். அங்கே போட்டால் தன் முகம் கவலை இல்லாமல் தெளிவாக இருப்பதாகச் சொன்னார். கணவரிடம் வருகிறவர்களோ புருவ நடுக் கோட்டைப் போக்க வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் பேசிக்கொண்டதில் பொறி தட்டியது. முதலில் துணிந்து போட்டுக்கொண்டவர் அவர்கள் மருத்துவமனை வரவேற்பாளர். 1992ல் கட்டுரை வெளியிட்டார்கள். 2002 ஏப்ரலில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் புருவ நடுக் கோடுகளுக்கு அனுமதி தந்தது. 2013ல் கண் ஓரக் கோடுகளுக்கும், 2017ல் நெற்றிக் கோடுகளுக்கும் அனுமதி விரிந்தது. இடையில் 2004ல் அக்குள் வியர்வைக்கும், 2010ல் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும் அதே மருந்து அனுமதி பெற்றது. மூளை முடக்குவாதத்தால் கால் தசை இறுகிக் குதிகால் ஊன்ற முடியாத குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் இதைப் போடுகிறார்கள்.

எப்படி வேலை செய்கிறது? தலைமையாசிரியர் அனுப்பும் சுற்றறிக்கையைப் பியூன் வகுப்புக்கு எடுத்து வருவார் அல்லவா? நரம்பு முனையில் 'அசிட்டைல்கோலின்' என்ற பொருள்தான் அந்தப் பியூன். இந்த நஞ்சு பியூன் அறையைவிட்டு வெளியே வராதபடி கதவை அடைத்துவிடுகிறது. தசை செத்துப்போவதில்லை, உத்தரவு வராமல் சும்மா இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் பலன் தெரிய ஆரம்பிக்கும். மூன்று நான்கு மாதத்தில் நரம்பு பழைய நிலைக்குத் திரும்பும், சுருக்கமும் திரும்பும். நூறு யூனிட் குப்பியில் இருக்கும் நஞ்சின் எடை, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஐந்து பங்கு அளவுதான். புருவ நடுவுக்கு வழக்கமாகப் போடுவது 20 யூனிட். அவ்வளவு சிறிய அளவில்தான் இது மருந்து.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். எல்லாச் சுருக்கமும் இதில் போகாது. புருவத்தை நெரிக்கும்போதும் சிரிக்கும்போதும் தசை இழுப்பதால் விழும் கோடுதான் போகும். வெயிலில் நாற்று நட்டும் கடலை பறித்தும் தோலே தளர்ந்து விழுந்த சுருக்கத்துக்கு இந்த ஊசியால் பெரிய பலன் இல்லை. பள்ளத்தை நிரப்பும் 'ஃபில்லர்' ஊசி என்பது வேறு பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த ஃபில்லர் தவறி ரத்தக் குழாயில் இறங்கினால் கண் பார்வையே போகும் அபாயம் உண்டு.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். அமெரிக்காவில் இந்த நஞ்சைப் படிகமாக்கிய அதே 1946ல்தான் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். நம் கொல்லிமலையில் 1914ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் நடத்திய சிகிச்சையைப் பார்க்கப் போனவர், மடங்கிப்போன விரல்களைக் கண்டு அதிலேயே தங்கிவிட்டார். தொழுநோயில் விரல் தானாக அழுகி உதிர்வதில்லை, உணர்ச்சி இல்லாததால் சுட்டும் அடிபட்டும் அழிகிறது என்று காட்டியவர் அவர். தசைநாரை மாற்றி வைத்து மடங்கிய விரல்களை நிமிரச் செய்தார்.

கை சரியானவர்கள் வேலை தேடிப் போனார்கள். வேலை கிடைக்கவில்லை. காரணம் முகம். புருவம் உதிர்ந்திருக்கும். மூக்கு அமுங்கியிருக்கும். நோயில் தடித்த தோல், மருந்தால் நோய் இறங்கியதும் தொங்கி மடிப்பு மடிப்பாக விழும். முப்பது வயது இளைஞன் கிழவன் போலத் தெரிவான். உடம்பில் கிருமி இல்லை என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தாலும் பார்க்கிறவர்கள் முகத்தைத்தான் படித்தார்கள். டீக்கடையில் தனி டம்ளர், பேருந்தில் பக்கத்து இருக்கை காலி. அதனால் வேலூரிலும், 1955ல் தொடங்கிய கரிகிரித் தொழுநோய் மருத்துவமனையிலும் மூக்கை நிமிர்த்தினார்கள். தலைத் தோலிலிருந்து எடுத்துப் புருவம் வைத்தார்கள். தொழுநோயாளிகளின் தளர்ந்த முகத்தோலை இழுத்துத் தைப்பதும் அந்த சிகிச்சை முறைகளில் ஒன்றானது. முக நரம்பு செயலிழந்து கண்ணை மூடவே முடியாதவர்களுக்கு வேறு தசையை இணைத்து மூட வைத்தார்கள். பிராண்டின் மனைவி மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். தொழுநோயாளிகளின் கண்ணைக் காப்பதே அவர் வேலையாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். வான்கூவரில் துடிக்கிற தசையை ஓயவைத்தார்கள். வேலூரில் ஓய்ந்த தசையை அசையவைத்தார்கள். முகச் சுருக்கத்தைப் போக்குவது பணக்கார வீட்டு ஆடம்பரம் என்று நினைக்கிறோம். நம் மாநிலத்தில் அது தர்ம ஆஸ்பத்திரியில், ஊர் விலக்கி வைத்த ஏழைகளுக்கு, ஊருக்குள் திரும்பி வந்து பிழைப்பதற்காகவும் செய்யப்பட்டது. அதனால்தான் "முகத்துக்கு வைத்தியம் எதற்கு?" என்று யாராவது கேலி செய்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. முகம் ஒருவருக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்பது அந்த முகத்தோடு வாழ்கிறவருக்குத்தான் தெரியும்.

அதே சமயம், வயதானால் வரும் கோட்டை நோய் என்று விற்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'நரை, திரை, மூப்பு' என்று நம் முன்னோர் சேர்த்துச் சொன்னதில் 'திரை' என்பது தோல் சுருக்கம்தான். பிசிராந்தையாரிடம் சான்றோர்கள், இத்தனை வயதாகியும் உமக்கு நரை இல்லையே எப்படி என்று கேட்டார்களாம். புறநானூற்றில் அவர் சொன்ன காரணங்களில் எந்தத் தைலமும் இல்லை. நல்ல மனைவி மக்கள், சொல் கேட்கும் ஏவலர், முறை தவறாத அரசன், ஊரில் அடக்கமான சான்றோர். இவ்வளவுதான். வீட்டிலும் ஊரிலும் கவலை குறைந்தால் முகமும் தெளியும் என்பது அவர் கட்சி.

முகக் கோட்டுக்கு வேலையும் இருக்கிறது. முப்பது வருடம் பிரம்பை அதிகம் எடுக்காமல் வகுப்பு நடத்தியவன் நான். புருவத்தைக் கொஞ்சம் நெரித்தால் போதும், கடைசி பெஞ்சு வரை அமைதியாகிவிடும். அந்தக் காலத்தில் இந்த ஊசியைப் போட்டிருந்தால் என் பிழைப்பு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பேரப்பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துத்தான் நாம் மகிழ்கிறோமா கோபிக்கிறோமா என்று படிக்கிறார்கள்.

இனி கேட்ட கேள்விக்குப் பதில்.

போட்டுக்கொள்வதும் வேண்டாம் என்பதும் அந்த மாணவியின் விருப்பம். ஐம்பது வயதுப் பெண் மகள் கல்யாணத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுவதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. குழுவில் கேலி செய்த தம்பிகள் எல்லோரும் தலைக்குச் சாயம் பூசுகிறவர்கள்தான் என்பது எனக்குத் தெரியும்.

ஆனால் அழகு நிலையத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். இதை மட்டும் வாத்தியாராகக் கண்டிப்புடன் சொல்கிறேன். 2004ல் அமெரிக்காவின் புளோரிடாவில் உரிமம் முடக்கப்பட்ட ஒரு மருத்துவர், ஆராய்ச்சிக்காக மட்டும் விற்கப்பட்ட நஞ்சை மலிவாக வாங்கிச் சுருக்கத்துக்குப் போட்டார். அவரையும் சேர்த்து நான்கு பேர் உடம்பெல்லாம் செயலிழந்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார்கள். கெர்னர் இருநூறு வருடத்துக்கு முன் எழுதிவைத்த அதே அறிகுறிகள். 2009ல் அமெரிக்க நிர்வாகம், ஊசி போட்ட இடத்திலிருந்து நஞ்சு உடம்பின் மற்ற இடங்களுக்குப் பரவலாம் என்ற எச்சரிக்கையை மருந்து அட்டையில் கட்டாயமாக்கியது. 2024ல்கூட அங்கே போலி மருந்தாலும், தகுதி இல்லாதவர்கள் போட்ட ஊசியாலும் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவ்வளவு சட்டமும் கண்காணிப்பும் உள்ள நாட்டிலேயே இந்த நிலை.

ஆகவே தோல் நோய் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடமோ மட்டும் போங்கள். நம் இலுப்பூர், அன்னவாசல், விராலிமலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திருச்சி ஒன்றும் தூரம் இல்லை. குப்பியைக் கண்ணால் பார்த்து, பெயர், தயாரிப்பு எண், காலாவதித் தேதி மூன்றையும் கேளுங்கள். குளிர்ப்பெட்டியில் இருந்து எடுக்கிறார்களா என்று பாருங்கள். எத்தனை யூனிட் போட்டார்கள் என்பதை எழுதி வாங்குங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தவிர்க்க வேண்டும். தசைச் சோர்வு நோய் உள்ளவர்களும், வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் முதல் முறையாகப் போடாதீர்கள். இமை தொங்கினால் சரியாகச் சில வாரம் ஆகும். போட்ட பிறகு விழுங்கவோ பேசவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அழகு நிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

இருபத்தைந்து வயதில் இப்போதே ஆரம்பித்தால் சுருக்கமே வராது என்று விளம்பரம் பார்த்து என் பேத்தி வயதுப் பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது: இந்த ஊசியின் பலன் நான்கு மாதம். ஆரம்பித்தால் வருடத்துக்கு மூன்று முறை. செலவைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள், கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்திருப்பார். வெயிலில் போகும்போது குடையோ தொப்பியோ எடுத்துப் போங்கள், புகை பிடிக்காதீர்கள், நேரத்தோடு தூங்குங்கள். இவை மூன்றும் தோலுக்கு நல்லது, செலவும் இல்லை.

உங்கள் ஊரில் யாராவது தொழுநோய் குணமாகி வாழ்ந்துகொண்டிருந்தால் அவரோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். மருத்துவம் படித்த நம் மாணவர்கள் குழுவில் இருக்கிறார்கள், நான் எதையாவது விட்டிருந்தால் சேர்த்துச் சொல்லட்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
இலுப்பூர்.